கரண்ட் இல்லாமலே மறையும் மாயாவி

மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது ஒரு படக்கதைத் தொடர். ஆசிரியர் குழு கொழும்பில் இருக்கிறது. கதை நடப்பது பெரும்பாலும் வன்னியில். அதிலும் எங்கள் நெடுங்கேணி மேல் அந்தக் குழுவுக்கு ஒரு தனிப் பிரியம். பெட்டிக்கடையில் தொங்காது, தபாலிலும் வராது. வர்த்தமானியாக வரும். எல்லைக் கல்லாக வரும். பொலிஸ் ஜீப்பில் ஏறி வரும். கதாநாயகனுக்குப் பல உடுப்புகள்: ஒரு நாள் தொல்பொருள் திணைக்களம், மறுநாள் வன இலாகா, அதற்கடுத்த நாள் மகாவலி அதிகாரசபை, சனம் கொஞ்சம் பலமாகக் கத்தத் தொடங்கினால் ஜனாதிபதி ஆணைக்குழு. நாற்பது வருடம் தாண்டி ஓடுகிற தொடருக்கு இன்னும் ஒழுங்கான மதிப்புரை ஒன்று வரவில்லை. மனித உரிமைக்காரர் அறிக்கை எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் அறிக்கை எழுதுகிறவருக்குக் கதாநாயகன் ஒரு நாள் திருந்துவான் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

நல்லதை முதலில் சொல்வது மதிப்புரைக்காரரின் சம்பிரதாயம். சொல்கிறேன்.

எந்த சூப்பர் ஹீரோவுக்கும் ஒரு பிறப்புக் கதை வேண்டும். 1938 இல் வெளிவந்த சூப்பர்மேனின் கதை எல்லோருக்கும் தெரியும். அவன் பிறந்த கிரகம் வெடிக்கிறது, குழந்தை ராக்கெட்டில் வந்து அமெரிக்க நாட்டுப்புறத்தில் விழுகிறது, கென்ட் என்ற தம்பதி எடுத்துத் தங்கள் பண்ணையில் வளர்க்கிறார்கள். எங்கள் தொடரின் நாயகனும் கென்ட் பண்ணையில்தான் பிறந்தான். பகிடி விடவில்லை. நெடுங்கேணிக்கு அங்கால், மணலாற்றுப் பக்கம், கென்ட் பாம், டொலர் பாம் என்று இரண்டு பண்ணைகள் இருந்தன. 1977 கலவரத்தில் மலையகத்தில் இருந்து அடித்துத் துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் காந்தியம் அமைப்பின் துணையோடு அங்கே வந்து காடு வெட்டிக் குடியிருந்தன. 1984 இல் அவர்களை எழுப்பிக் கலைத்துவிட்டு, திறந்தவெளிச் சிறை என்ற பெயரில் சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து இருத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று புலிகள் இரண்டு பண்ணைகளுக்குள்ளும் புகுந்து கைதிகள், காவலர், பெண்டு பிள்ளைகள் என்று 60 பேருக்கு மேல் கொன்றார்கள். எல்லையில் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட அந்தச் சனத்தை யாரும் கேட்டுக் கொண்டுவரவில்லை. கேட்டுக் கொல்லவும் இல்லை. இரண்டு நாள் கழியமுன் ஒதியமலையில் இராணுவம் 30 இற்கு மேற்பட்ட ஆண்களைப் பிடித்துக் கைகளைக் கட்டிக் கொன்றது. 1988 இல் வர்த்தமானி வந்தது. மணலாறு வெலிஓயா ஆனது, மகாவலியின் ‘எல்’ வலயம் ஆனது.

சூப்பர்மேன் கதையில் வெடிப்பது அவனுடைய கிரகம். எங்கள் கதையில் வெடித்தது நாங்கள் இருந்த கிரகம். நாயகனுக்கு ஒரு கீறலும் இல்லை. கதாசிரியரின் கைவண்ணத்தை மெச்சத்தான் வேண்டும்.

இரண்டாவது நிறை, கோடு மாறாமை. நீண்ட தொடர்களில் ஓவியர் மாறினால் நாயகனின் முகம் மாறிவிடும், மூக்கு நீண்டுவிடும், வாசகர் திட்டிக் கடிதம் எழுதுவார்கள். இங்கே ஜே.ஆர். வரைந்தார், பிரேமதாச வரைந்தார், சந்திரிகா, மகிந்த, மைத்திரி, கோட்டாபய, ரணில் என்று தூரிகை கை மாறி இப்போது அநுரவிடம் வந்திருக்கிறது. ஒருவர் பச்சை மையில் தொட்டார், ஒருவர் நீலத்தில், ஒருவர் சிவப்பில். எங்கள் மண்ணுக்கு மேல் போட்ட கோடு மட்டும் ஒரு நூல் விலகவில்லை. உலகத்தின் எந்தப் பதிப்பகமும் இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஒரு தொடரை நடத்தியதாக நான் அறியேன்.

நிறைகள் முடிந்தன. இனி ஒரு மலைக்கு வருவோம்.

ஒலுமடுப் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது வெடுக்குநாறி மலை. உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர். பாறையில் பழைய பிராமி எழுத்துகள். ஊர்ச்சனம் தலைமுறை தலைமுறையாகப் போய்ப் பொங்கி, படைத்து, கும்பிட்டுவிட்டு வருகிற இடம். போர்க்காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நாயகனுக்கு நேரமில்லை, துணிவும் இல்லை. போர் முடிந்த பிறகுதான் அவனுக்குத் தொல்லியல் ஆர்வம் பொங்கியது. 2018 இல் திணைக்களம் வந்து நின்று, இங்கே ஒன்றும் கட்டக்கூடாது, திருத்தக்கூடாது என்றது. சனம் செய்த குற்றம் என்னவென்று கேட்டால், செங்குத்துப் பாறையில் வயதானவர்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறார்களே என்று இரும்பில் ஒரு ஏணி செய்து வைத்தது. ஏணிக்குப் பொலிஸ் விசாரணை வந்தது. ஏணிக்கு நீதிமன்றமும் வந்தது.

இதுதான் தொடரின் முதல் பெரிய பலவீனம். நாயகன் எவ்வளவு பெரியவன் என்பதை வில்லனை வைத்துத்தான் வாசகன் அளப்பான். சூப்பர்மேனுக்கு லெக்ஸ் லூதர் இருக்கிறான். பேட்மேனுக்கு ஜோக்கர் இருக்கிறான். முப்படையும் பொலிசும் புலனாய்வும் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் கையில் உள்ள எங்கள் நாயகனுக்கு வாய்த்த எதிரி ஒரு ஏணி. அதற்குத் துணை வில்லன்கள் ஒரு கற்பூரக் கட்டி, இரண்டு தேங்காய், முழங்கால் வருத்தம் உள்ள ஒரு அம்மம்மா. இப்படி ஒரு எதிரியோடு சண்டை பிடித்து வெல்கிறவனை நாயகன் என்று எந்த ஊர்ச் சிறுவன் நம்புவான்?

மாயாவியை நம்பினோம், அது வேறு. 1972 இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை இறக்கியது. பிரித்தானியச் சிறுவர் இதழ் ஒன்றில் 1962 இல் பிறந்த பாத்திரம். ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன். விபத்தில் ஒரு கை போக இரும்புக் கை பூட்டினார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும். வன்னியில் ஒரு தலைமுறை அவனை அட்டை கிழிந்த, கடைசி நாலு பக்கம் இல்லாத, ஊசிநூலால் தைத்த புத்தகங்களில் வாசித்தது. குப்பி விளக்கில் வாசித்தது, பங்கர் வாசலில் இருந்து வாசித்தது. கடைசிப் பக்கம் இல்லாததால் ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். 1990 இற்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. மாயாவி வன்னிக்கு வந்திருந்தால் மறைய வழியில்லாமல் புளியங்குளம் சந்தியில் வைத்தே பிடிபட்டிருப்பான் என்று பெடியள் சிரிப்பார்கள்.

கொழும்பு ஆசிரியர்கள் அந்தக் குறையைத் திருத்திவிட்டார்கள். இவர்களுடைய மாயாவிக்கு மின்சாரமே தேவையில்லை. 2023 மார்ச் கடைசியில் மலைக்குப் போன ஆட்கள் கண்டது இதுதான்: ஆதிலிங்கம் இருந்த இடத்தில் இல்லை, பிடுங்கி வீசப்பட்டிருந்தது; மற்ற விக்கிரகங்களும் உடைந்து சிதறிக் கிடந்தன. யாருடைய உடம்பும் தெரியவில்லை. கை மட்டும் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. ஏணி வைத்தது யார் என்று பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கத்தோடு தெரிந்து வைத்திருந்த பொலிசுக்கு, லிங்கத்தைப் பிடுங்கியது யார் என்று தெரியவில்லை. வவுனியாவில் சனம் வீதிக்கு இறங்கியது. ஏப்ரலில் நீதிமன்றம் அனுமதி கொடுத்த பிறகுதான் விக்கிரகங்களைத் திரும்ப வைத்தார்கள். அதாவது, உடைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒட்ட வைக்க நீதவானின் கையெழுத்து வேண்டும்.

மாயாவிக்கும் ஆரம்பத்தில் நல்ல பெயர் இல்லை. முதல் கதையில் அவன் திருடன்தான். பிறகு மெல்ல மெல்ல மாறி, நீதியின் பக்கம் வந்து சேர்ந்தான். படக்கதையில் பாத்திர வளர்ச்சி என்று சொல்வார்களே, அதற்கு அவன் நல்ல உதாரணம். எங்கள் நாயகன் என்ன வளர்ந்தான்? 2023 இல் ஆள் தெரியாமல் வந்தவன் 2024 இல் சீருடையோடு, பெயர்ப்பட்டியோடு, வீடியோவுக்கு முகம் காட்டியே வந்தான். வெட்கம் விட்டுப்போனது ஒன்றுதான் வளர்ச்சி.

2024 மார்ச் 8, மகா சிவராத்திரி. வழிபாட்டுக்குத் தடையில்லை என்று நீதிமன்றத்துக்குத் தெரியும், சனத்துக்கும் தெரியும். பொலிசுக்கு மட்டும் வேறு பிரதி கிடைத்திருந்தது போலும். பாதையை மறித்தார்கள். வாகனம் போகாது என்றார்கள். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு சனம் காட்டுப்பாதையில் நடந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோவதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இருட்டிய பிறகு சப்பாத்துக் காலோடு பூசைக்குள் இறங்கினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரையே இழுத்தும் தூக்கியும் அப்புறப்படுத்தினார்கள். பூசகர் உட்பட 8 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டு, தொல்பொருளுக்குச் சேதம் விளைவித்தல். கவனியுங்கள்: அதே மலையில் முந்தின வருடம் லிங்கத்தைப் பிடுங்கி எறிந்தது சேதத்தில் சேராது, அந்த லிங்கத்துக்கு விளக்கு வைப்பது சேரும். பிடிபட்டவர்கள் விளக்கமறியலில் உண்ணாவிரதத்தில் இறங்கினார்கள். மார்ச் 19 அன்று வவுனியா நீதவான் அவர்களை விடுதலை செய்து வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதினொரு நாள் உள்ளே வைத்திருந்ததற்கு ஒரு மன்னிப்பு வந்ததா என்று கேட்பீர்கள். சூப்பர் ஹீரோக்கள் பறந்து போகும்போது உடைந்த கட்டடங்களுக்கு நட்ட ஈடு கொடுத்ததை எந்த இதழில் கண்டீர்கள்?

வேதாளரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. லீ ஃபால்க் 1936 இல் படைத்த முகமூடி வீரன். ராணி காமிக்ஸ் வழியாகவும் முத்து காமிக்ஸ் வழியாகவும் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆனவன். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நானூறு வருடமாக, தகப்பன் செத்தால் மகன் அதே உடுப்பைப் போட்டு, ஒரு காட்டைக் காவல் காக்கிறது. யாரிடமிருந்து என்ற கேள்வி சின்ன வயதில் வராது. அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் முரசு அடிப்பார்கள், சேதி கொண்டு ஓடுவார்கள், அவனை வணங்குவார்கள். நானூறு வருடத்தில் அவர்களில் ஒருவனுக்குக்கூட முகமூடி கிடைக்கவில்லை. வேதாளர் கதையின் ஊனம் அதுதான். எங்கள் தொடர் அந்த ஊனத்தையே முதுகெலும்பாக எடுத்துக்கொண்டது. காட்டைக் காட்டுக்காரனிடமிருந்து காப்பது. மலையை அதைக் கும்பிடுகிறவனிடமிருந்து காப்பது. குளத்தைக் குளத்துக்குக் கீழ் வயல் செய்கிறவனிடமிருந்து காப்பது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவன் தன் காணிக்குள் முளைத்த மரத்தை வெட்டினால், அது ஒதுக்கக் காடு. அவன் முகாமில் கிடந்த காலத்தில் முளைத்த மரம் அது. மரத்துக்கு உறுதி இருக்கிறது, மனிசனுக்கு இல்லை.

வேதாளர் குறைந்தபட்சம் முரசுச் சத்தத்துக்குக் காது கொடுப்பான்.

அமெரிக்கப் படக்கதைக்காரரிடம் இன்னொரு வித்தை உண்டு. கதை சிக்கலானால் பழைய கதையை எடுத்துத் திருத்தி, அது முன்பே இப்படித்தான் நடந்தது என்று சாதிப்பார்கள். ஸ்பைடர்மேனுக்கு 1987 இல் கலியாணம் செய்து வைத்தார்கள். 2007 இல் அது விற்பனைக்கு இடைஞ்சல் என்று பட்டது. ஒரு பிசாசோடு பேரம் பேச வைத்து, அந்தக் கலியாணமே நடக்கவில்லை என்று ஆக்கினார்கள். வாசகர் கொதித்துப் போனார்கள். இருபது வருடம் கூட வாழ்ந்த பெண் என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கற்பனைப் பெண்ணுக்கே அவ்வளவு கோபம்.

எங்கள் பதிப்பகத்தில் இந்தத் திருத்த வேலைக்கென்று தனிக் குழுவே போட்டார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கான ஜனாதிபதி செயலணி. தலைவர் யார்? ஆய்வாளரா, பேராசிரியரா? பாதுகாப்புச் செயலாளர். உறுப்பினர்களில் பிக்குகள், பொலிஸ் அதிகாரி, தொலைக்காட்சி முதலாளி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கிற மாகாணத்துக்கு நியமித்த அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. மண்வெட்டி பிடிக்க வேண்டிய இடத்தில் துவக்குப் பிடித்தவர் நிற்கிறார் என்றால் தோண்டி எடுக்கப் போவது என்ன என்று தோண்டாமலே தெரிந்துவிடும்.

பாறையில் எழுத்து வெட்டியவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்பது ஆராய வேண்டிய விடயம்தான். ஆராய்ந்து முடிவுக்குப் போவது தொல்லியல். முடிவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அதற்குத் தோதான கல்லைத் தேடிப் போவது படக்கதை. தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்கிற ஒரு பக்கம் இருக்கிறதே, அதை இந்தத் தொடரின் எந்த இதழிலும் காணமாட்டீர்கள். அது அச்சானால் மலைக்கு உரிமை கொண்டாட முடியாமல் போய்விடும். நியாயமாகச் சொன்னால், எங்கள் பக்கத்து வீரர்களும் அந்தப் பக்கத்தைப் புரட்ட விரும்புவதில்லை.

பக்கத்து மாவட்டத்தில் குருந்தூர் மலை. 2021 ஜனவரி 18 அன்று இராஜாங்க அமைச்சர் ஒருவர் படையினர் சூழ வந்து அகழ்வைத் தொடங்கி வைத்தார். சனம் வழிபட்டு வந்த சூலம் காணாமல் போனது. விகாரை எழுந்தது. புதிய கட்டுமானம் கூடாது என்று முல்லைத்தீவு நீதிமன்றம் 2022 இல் கட்டளையிட்டது. கட்டுமானம் அதைக் காதில் வாங்கவில்லை. நீதிபதி தானே போய் இடத்தைப் பார்த்தார், கட்டளை மீறப்பட்டது என்று 2023 ஓகஸ்ட் கடைசியில் சொன்னார். செப்டம்பரில் அதே நீதிபதி சரவணராஜா, உயிருக்கு அச்சுறுத்தல் என்று எழுதிவைத்துப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். எந்தப் படக்கதையிலும் நீதிபதியைக் கடத்த வில்லன் வருவான். நாயகன் வந்து மீட்பான். இங்கே மீட்க வேண்டியவனுக்குப் பயந்து நீதிபதி விமானம் ஏறுகிறார். ஆசிரியர் குழு கொஞ்சமும் பதறவில்லை. அவர்களுக்கு ஒரு பாத்திரம் குறைந்தது, அவ்வளவுதான்.

இதே பதிப்பகத்தின் இன்னொரு வெளியீட்டையும் சொல்லாமல் விட முடியாது. ஆணைக்குழுத் தொடர். 1994 இல் மார்வெல்காரர் ஸ்பைடர்மேனின் பழைய நகல் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து, எது அசல் எது நகல் என்று வாசகர் மண்டை வெடிக்கும்வரை இரண்டு வருடம் இழுத்தார்கள். விற்பனை நன்றாக இருக்கிறது, இழு என்று மேலிடத்தில் இருந்து உத்தரவு. அதே 1994 இல் இங்கே காணாமல் போனோரைத் தேட மூன்று வலயத்துக்கு மூன்று ஆணைக்குழு. அதற்குப் பிறகு நகலுக்கு நகல்: 2006 இல் உடலாகம, 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள், 2013 இல் பரணகம, 2016 இல் சட்டமாகி 2018 இல் கதவு திறந்த காணாமல் போனோர் அலுவலகம். 2021 ஜனவரியில் உச்சத்தைத் தொட்டார்கள்: முந்தைய ஆணைக்குழுக்கள் என்ன சொல்லின என்று ஆராய ஒரு ஆணைக்குழு, நீதியரசர் நவாஸ் தலைமையில். மார்வெலுக்கு இந்த யோசனை வரவில்லை. ஸ்பைடர்மேன் தன்னுடைய பழைய இதழ்களை வாசித்துக்கொண்டிருப்பதையே ஒரு இதழாகப் போடுவது!

இந்தத் தொடரின் முழுச் சேகரிப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? வவுனியாவில், கிளிநொச்சியில், முல்லைத்தீவில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 முதல் வீதியோரத்தில் இருக்கிற தாய்மாரின் சொப்பிங் பைகளில். ஒரு பையைத் திறந்தால் வரிசையாக வரும். செஞ்சிலுவைக்காரர் கொடுத்த பதிவுத் துண்டு, மடித்த இடத்தில் நைந்து எழுத்துப் போனது. மனித உரிமை ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு. ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் கொடுத்த வாக்குமூலத்தின் போட்டோப் பிரதி, ஒவ்வொன்றிலும் ஒரே பெயர், ஒரே திகதி, ஒரே இடம், ஒரே சரணடைவு. பிள்ளையின் படம் லமினேற் செய்தது, வெயிலில் பிடித்துப் பிடித்து ஓரம் மஞ்சள். காமிக்ஸ் பைத்தியங்கள் முதல் இதழைப் பிளாஸ்திக் உறைக்குள் வைத்துக் காப்பார்கள், விலை ஏறும் என்று. இந்தத் தாய்மாரும் அப்படித்தான் காக்கிறார்கள். விலையை அரசாங்கம் 2022 இல் நிர்ணயித்தது. தலைக்கு ஒரு லட்சம். போதாது என்று முணுமுணுப்பு வர, அதே ஆண்டில் இரண்டு லட்சம். சாட்சி சொல்லப்போன இடத்தில் கோழிக்குஞ்சு வேணுமா, ஆடு வேணுமா என்று கேட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிற தாய்மார் இருக்கிறார்கள்.

மார்வெல்காரர் 1960களில் ஒரு வேடிக்கை செய்தார்கள். கதையில் முன்னுக்குப் பின் முரணைக் கண்டுபிடித்து எழுதுகிற வாசகருக்குப் பரிசு என்று ஒரு கடித உறை அனுப்புவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. வெறும் உறை என்று அனுப்பியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். எங்கள் தாய்மார் கண்டுபிடித்துக் கொடுத்த முரண்கள் கொஞ்சநஞ்சமல்ல. சரணடைந்த பிள்ளைகளை இராணுவம் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டோம் என்கிறார்கள். பட்டியல் இல்லை என்கிறது அரசு. பட்டியல் இருக்கிறது என்று ஒரு அதிகாரி சொல்ல, வேறொருவர் இல்லை என்கிறார். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 52 எலும்புக்கூடுகள். அகழ்வுக்குக் காசில்லை என்று இடையில் வேலை நின்று நின்று நடந்தது. குருந்தூரில் செங்கல் தோண்டக் காசுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. இரண்டாயிரம் வருடத்துச் செங்கல்லுக்கு வாரிசு தேடுகிற நாடு, நேற்றைய எலும்புக்கு வாரிசு வாசலில் நிற்கும்போது சில்லறை எண்ணுகிறது.

படக்கதையில் சாவு நிரந்தரமில்லை. 1992 இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், இலட்சக்கணக்கில் விற்றது, அடுத்த வருடம் எழுப்பிவிட்டார்கள். இந்தப் பழக்கம் எங்கள் பக்கத்துக்கும் தொற்றியிருக்கிறது. அதையும் இந்த இடத்தில் சொல்லாவிட்டால் நான் மதிப்புரைக்காரன் இல்லை, ரசிகர்மன்றச் செயலாளர். 2023 பெப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் இருந்து பழ. நெடுமாறன், பிரபாகரன் உயிரோடு நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். அந்த ஆண்டு மாவீரர் நாளில் அவருடைய மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் காணொளியில் தோன்றிப் பேசினாள். தூரத்தில் இருந்து தொடர் வாசிக்கிறவர்களுக்கு இது நல்ல விறுவிறுப்பு. முள்ளிவாய்க்கால் மணலில் பிள்ளையைத் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு அடுத்த பங்கருக்கு ஓடியவளுக்கு, எழுந்து வருகிறவர்கள் பட்டியலில் தன் பிள்ளையின் பெயர் ஏன் இல்லை என்று கேட்க உரிமை உண்டா இல்லையா? தலைவருக்கு மட்டும் மறு இதழ், மற்றவர்களுக்கு முற்றும்.

மலைக்கு வந்து போகிற எங்கள் கௌரவ நடிகர்களையும் விடமாட்டேன். பூசை நாளில் வெள்ளை வேட்டி வரும், கமராவும் கூட வரும். ஒரு முழக்கம், ஒரு செல்பி, ஒரு முகநூல் நேரலை. பிடிபட்டு விளக்கமறியலுக்குப் போவது ஊர்ச்சனம். போராட்டத்தை முன்னின்று நடத்தியதாக அடுத்த தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் பெயர் வருவது வேறு ஆளுக்கு. வேறு சிலர் கடல் தாண்டி ஒரு காவி நாயகனைக் கூட்டிவந்து இந்த நாயகனோடு மோத விடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். இரண்டு சூப்பர் ஹீரோ மோதினால் நொறுங்குவது எந்த ஊர் என்று படக்கதை வாசித்த சின்னப்பிள்ளையைக் கேட்டாலே சொல்லும்.

இப்போது புது ஓவியர். 2024 நவம்பர் தேர்தலில் வன்னியிலும் அநுரவின் திசைகாட்டிச் சின்னம்தான் முதலாவதாக வந்தது. எங்கள் சனமே தூரிகையை எடுத்துக் கொடுத்தது. டி.சி. நிறுவனம் 2011 இல் எல்லாத் தொடர்களையும் நிறுத்தி, 52 தலைப்புகளை முதலாம் இலக்கத்தில் இருந்து புதிதாகத் தொடங்கியது. இங்கேயும் இலக்கம் ஒன்று. இனவாதம் இல்லாத நாடு, எல்லோரும் இலங்கையர், பழைய கதை முடிந்தது. முதல் அட்டையில் மை காயமுன் 2025 மார்ச் 28 வர்த்தமானி வந்தது: வடக்கில் 5,940 ஏக்கர் காணி, மூன்று மாதத்துக்குள் உறுதியோடு வந்து உரிமை கோராவிட்டால் அரச காணி. போரில் வீடு எரிந்து, உறுதி எரிந்து, உறுதி எழுதிய நொத்தாரிசும் செத்து, வாரிசு கனடாவில் இருக்கிற காணிகளுக்கு மூன்று மாதம். சனம் கத்தியது, நீதிமன்றத்துக்குப் போனார்கள், வர்த்தமானியைத் திரும்ப எடுத்தார்கள். தவறுதலாகப் பழைய அச்சுக்கட்டை கலந்துவிட்டதாம். புது அச்சகத்தில் பழைய அச்சுக்கட்டையை இன்னும் யார் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார் என்று கேட்டால் பதில் இல்லை. வெலிஓயாப் பக்கம் கிவுல் ஓயா நீர்த்தேக்கம் என்ற பேச்சும் ஊரில் அடிபடுகிறது. மகாவலியின் உடுப்பைத் திரும்பவும் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, விலை விபரம். மதிப்புரைகளில் அது கட்டாயம் இருக்கவேண்டும். தொடர் இலவசம் என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். தண்ணீர் கொடுக்காமல் மறித்த பொலிசின் சம்பளத்துக்கும், அவர்கள் போட்டு வந்த சப்பாத்துக்கும், ஜீப்பின் டீசலுக்கும், எட்டுப் பேரைப் பதினொரு நாள் வைத்திருந்த மறியலின் பூட்டுக்கும் அந்த அம்மம்மாவும் சேர்த்துத்தான் கட்டுகிறா, நெடுங்கேணிச் சந்திக் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது. சந்தாவை நிறுத்தச் சொல்லி எழுதிப் பார்க்கலாம்தான். கோரிக்கையை ஆராய ஒரு ஆணைக்குழு போடுவார்கள். அதற்கும் அவவிடம்தான் வாங்குவார்கள்.